ஸ்டாண்டு போடாத சைக்கிள்

என் வீட்டுக்காரர் கருப்பணனுக்கு உட்காரத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். ஃபேனைப் போடுவார், உடனே அணைப்பார். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும், இவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடப் போயிருப்பார். முந்தின நாள் விட்ட எண்ணெயே தரையில் காய்ந்திருக்காது. "காலுல சக்கரமா கட்டியிருக்கு?" என்று கத்துவேன். "இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்பார்.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் டவுன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர். உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றியதால் அந்தக் காலத்தில் இந்த வியாதி வெளியே தெரியவில்லை. சர்க்கரை வந்து பார்வை கொஞ்சம் மங்கியதும் ஸ்டியரிங்கை விட்டார். டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்க மாட்டேன் என்று சைக்கிளை எடுத்தார்.

"நடந்தா நம்ம பேகம்பூருக்குள்ள ஆளாளுக்கு நிறுத்திப் பேசுவாய்ங்க புவனா. மக எப்பிடி இருக்குன்னு கேப்பாய்ங்க. சைக்கிள்ல போறவன எவன் நிறுத்தப் போறான்?"

மகள் என்று அவர் வாயில் வந்ததே அந்த ஒரு தடவைதான். எங்களுக்கு ஒரே மகள், இளவேனில். வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் கூட வேலை பார்த்த சேவியரைக் கட்டிக்கொண்டாள். பையன் தங்கமானவன். தாடிக்கொம்புக்கு அந்தப் பக்கம், குடகனாற்றுக்கு அக்கரையில் சம்பங்கித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். ஆனால் வேற சனம், வேற சாமி. கல்யாணம் முடிந்து மாலையும் கழுத்துமாக வந்து நின்ற பிள்ளையை இவர் வாசலிலேயே மறித்தார்.

"இனிமே இந்த வீட்டுல இருந்து ஒனக்குக் கேதம் சொல்லத்தான் ஆள் வரும். போ."

எங்கள் பக்கம் சாவுச் செய்தியைத்தான் கேதம் என்போம். கோபத்தில் எத்தனையோ பேசலாம், அதைப் பேசலாமா? அவள் மாலையோடு அப்படியே திரும்பிப் போனாள். வார்த்தை மட்டும் வாசலிலேயே கிடந்தது. நான் தினமும் கூட்டித்தான் பார்க்கிறேன், போகவில்லை.

நான் சும்மா இருப்பேனா? தாடிக்கொம்புப் பெருமாளைக் கும்பிடப் போகிறேன் என்று போய்க் கோவிலில் மகளைப் பார்த்துவிட்டு வருவேன். நான் யாரைப் பார்க்க வருகிறேன் என்று பெருமாளுக்கும் தெரியும். மற்ற நாளெல்லாம் போன்தான். இவர் காதில் விழக்கூடாது என்று போனைச் சத்தமில்லாமல் வைத்துத் தலையணைக்கு அடியில் செருகியிருப்பேன். அந்தப் புத்திசாலித்தனம் பிறகு எனக்கே வினையாக வந்தது.

இவர் சைக்கிளில் எங்கே போகிறார் என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் அவராகவே, "வாறியா, காத்து வாங்கிட்டு வரலாம்" என்று கேரியரில் ஏற்றிக்கொண்டார். தாடிக்கொம்பு தாண்டியதும் ஆற்றை ஒட்டி ஒரு தார் ரோடு பிரிந்தது. அப்படி ஒரு ரோட்டை நான் பார்த்ததே இல்லை. பஸ் கிடையாது, லாரி கிடையாது, ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. ஒரு மழைக்கு வெள்ளம் வந்து தரைப்பாலம் உடைந்ததில் இருந்து வண்டிகள் எல்லாம் பைபாஸில் சுற்றிப் போகின்றனவாம். ரோடு லேசாக இறங்கிக்கொண்டே போனது. மிதிக்காமலேயே சைக்கிள் உருண்டது. ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் வெங்காயக் காடு, நடுவில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் போட்ட மாதிரி ரோடு. எனக்கு மனசு அப்படி லேசாகிவிட்டது. முன்னால் இருந்த மனுஷனுக்குத்தான் ஆகவில்லை. மணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வெங்காயக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து, "தூரமா?" என்று கேட்டாள். கிளம்பிப் போகிறவரிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது, அதனால் அப்படித்தான் கேட்போம். இவர் "சும்மா" என்று முனகினார்.

ரோடு உடைந்த பாலத்தில் போய் முடிந்தது. சைக்கிளைப் பிடித்தபடி நின்று அக்கரையைப் பார்த்தார். சம்பங்கித் தோட்டம் வெள்ளையாகத் தெரிந்தது. யாருடைய தோட்டம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. ஆற்றில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. ஆடுகள் நடந்து போய்க்கொண்டிருந்தன.

"பாலம் இல்ல. திரும்ப வேண்டியதுதான்" என்றார்.

பாலம் இருந்தால் போயிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தினமும் திரும்பி வந்திருக்கிறார், பாவம்.

அப்புறம்தான் புதுப்பாலம் கட்டத் தொடங்கினார்கள். தூண் எழும்ப எழும்ப இவருக்கு உறக்கம் போனது. "வர்ற வெள்ளிக்கிழம தொறக்குறாங்களாம். பஸ்ஸு, லாரி எல்லாம் வந்துரும். அப்புறம் அந்த ரோட்டுல மனுசன் சைக்கிள் ஓட்ட முடியுமா?" என்று என்னிடம் சண்டைக்கு நிற்பதுபோலக் கேட்டார். நான்தான் பாலம் கட்டினேன் பாருங்கள். வண்டி வந்துவிட்டால் அந்தப் பக்கம் போக அவருக்குச் சாக்கு இல்லை. பாலம் வந்துவிட்டால் திரும்பி வரவும் சாக்கு இல்லை. போனால் இப்போது போக வேண்டும், இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் இல்லை. இரண்டு பேருக்கும் அது புரிந்திருந்தது, ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் கிளம்பினார். நான் தலையில் சீயக்காயோடு குளியலறையில் இருந்தேன். பிறகு நடந்ததை அவரும் மகளும் சொல்லித்தான் நான் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

புதுப்பாலத்தில் டிரம்மை உருட்டி வைத்து அடைத்திருந்தார்கள். சைக்கிளுக்கு அது ஒரு அடைப்பா? தள்ளிக்கொண்டே போய்விட்டார். அக்கரையில் வீட்டு வாசலில் பூவைக் குவித்துக்கொண்டிருந்த சேவியரின் அம்மா இன்னாசியம்மாள் பதறி எழுந்திருக்கிறாள்.

"வாங்க சம்பந்தி! உள்ள வாங்க!"

இவர் கேட்டுக்கு வெளியிலேயே ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா செம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். "வேணாம்" என்றார்.

இதைவிட ஒரு முட்டாள்தனம் உண்டா? எங்கள் பக்கம் கேதம் சொல்ல வருகிறவன் இப்படித்தான் வருவான். வெறுங்கையோடு வருவான். வாசல் ஏறமாட்டான், சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடமாட்டான், கொடுத்த தண்ணீரைக் குடிக்கமாட்டான். மகள் வீட்டுக்குப் போகிறவர் ஒரு சீப்புப் பழமாவது வாங்கியிருக்கக் கூடாதா?

இன்னாசியம்மாள் செம்போடு நின்றபடியே மருமகளைக் கூப்பிட்டிருக்கிறாள். சத்தம் கேட்டு வெளியே வந்த இளவேனில் அப்பாவைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், தொடாத தண்ணீரைப் பார்த்தாள். அவர் அன்று சொன்ன வார்த்தை அவளுக்கு ஞாபகம் வராமல் இருக்குமா?

"அம்மாவா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இவர் வாயைத் திறக்குமுன் வீட்டில் ஒப்பாரி எழுந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். இவர் "அப்பிடி இல்ல" என்று சொன்னது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை. சேவியர் என் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். சத்தமில்லாத போன் தலையணைக்கு அடியில் கிடந்தது. யார் எடுப்பது? எடுக்காததும் சாட்சியாகிவிட்டது. கடைசியில் பக்கத்து வீட்டு நர்கீஸுக்கு அடித்தான். அவள் அழுதுகொண்டே ஓடி வந்து கதவை இடித்தாள். ஈரத்தலையோடு திறந்த என்னைப் பார்த்து வாயில் அடித்துக்கொண்டாள்.

"யா அல்லா! அக்கா, நீங்க மௌத்தாயிட்டீங்கன்னு சொல்றாங்க!"

"எவ சொன்னா?" என்று அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கினேன். எனக்கு வைத்த ஒப்பாரியை நானே கேட்டேன். ராகம் நன்றாகத்தான் இருந்தது.

"ஏய் இளவேனிலு! நான் இருக்கேன்டி! குளிச்சுக்கிட்டு இருந்தேன்டி!"

அழுகை நின்றது. போனைக் காதில் வைத்தபடியே அவள் அப்பாவிடம் பேசினாள். எத்தனை நாள் அடக்கி வைத்திருந்த குரல் அது.

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

"சும்மாதான் தாயி. சும்மா... பாத்துட்டுப் போகலாம்னு."

"சும்மா வந்தவருக்கு ஸ்டாண்டு போட்டா என்ன? தண்ணி குடிச்சா என்ன?"

ஸ்டாண்டு போட்டால் வந்துவிட்டேன் என்று ஆகிவிடும், தண்ணீர் குடித்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது, என்று பிறகு என்னிடம் சொன்னார். அப்போது நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பியே பழகிய மனுஷன்.

டக்கென்று ஒரு இரும்புச் சத்தம் கேட்டது. எங்கள் சைக்கிள் ஸ்டாண்டின் சத்தம் எனக்குத் தெரியாதா?

"அந்தத் தண்ணியக் கொஞ்சம் குடு தாயி" என்றார்.