ஒரு சதமும் வாங்கேல்லை

வழக்கு அலுவலாகப் போகும்போதெல்லாம் ஒரு பிடி வெங்காயம் கொண்டுபோவேன். சண்டிலிப்பாய்ச் செம்மண் ஒட்டியிருக்கும் சின்ன வெங்காயம், தாளோடு சேர்த்து வாழைநாரால் கட்டியது. மருதனார்மடத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த அலுவலகத்தில் சட்டத்தரணி அம்மா அதைக் கண்டதும் சிரிப்பார். "என்ன அண்ணை, என்ரை ஃபைலெல்லாம் வெங்காயம் மணக்குது. கொண்டுபோய்ப் பிள்ளைக்குச் சமைச்சுக் குடுங்கோ." மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அவர் அதை வாங்கியதில்லை.

கைக்குழந்தையில் போட்ட தடுப்பூசி இடம் தவறி நரம்பில் பட்டதால் என் மகளின் வலது கால் சூம்பிப்போனது. ஊசியை நான் குறை சொல்லவில்லை. அடுத்த பிள்ளைக்கும் மறக்காமல் போட்டேன். போட்ட கை பிழைவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் அதை யார் ஒப்புக்கொள்வார்கள்? நான் ஏறி இறங்காத படியில்லை. கடைசியில் அந்த அம்மாதான் வழக்கை எடுத்தார். "வழக்கு வெண்டால் என்ரை கூலியை எதிர்ப்பக்கம் தரவேணும். நீங்கள் அதைப் பற்றி யோசிக்காதேங்கோ" என்றார். நானும் யோசிக்கவேயில்லை, மடையன்! கொழும்பிலிருந்து நரம்பு வைத்தியரைச் சாட்சிக்கு அழைப்பதற்காக அவர் தன் காப்பை அடகு வைத்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

வென்றோம். நட்டஈட்டை மகளின் பெயரில் வங்கியில் போட்டு, பதினெட்டு வயதுவரை யாரும் தொடக்கூடாது என்று நீதிபதி கட்டளையிட்டார். சட்டத்தரணிக்கு நியாயமான கட்டணம் எவ்வளவு என்பதை இன்னொரு நாள் விசாரித்தார்கள். எந்த நாள் எத்தனை மணித்தியாலம் உழைத்தார் என்று அம்மா ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தார். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி அந்தக் கொப்பியைத் திறந்தும் பார்க்கவில்லை. என்னைக் கூண்டில் ஏற்றி, மிக மரியாதையாகக் கேட்டார்: "ஐயா, இவாவுக்கு எவ்வளவு காசு குடுத்தனீங்கள்? குடுக்கிறதெண்டு ஏதும் பேச்சோ?"

எங்கள் ஊரில், ஏலாத பிள்ளைக்கு உதவியவரை நாலு பேர் முன்னால் காசுக்குச் செய்தவர் என்று சொன்னால், அவரைச் செருப்பால் அடித்த மாதிரி. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். "சத்தியமாய் ஒரு சதமும் வாங்கேல்லை, ஐயா. வாங்கிற கதையுமில்லை. ஒரு பிடி வெங்காயம் குடுத்தாலும் வேண்டாமெண்டு சொல்லுற மனிசி." சிலர் சிரித்தார்கள். நான் பெருமையோடு அம்மாவைப் பார்த்தேன். அவர் கொப்பியை மூடிக்கொண்டிருந்தார்.

கட்சிக்காரனே கொடுக்கக் கடமைப்படாத கட்டணத்தை எதிர்ப்பக்கம் எதற்குத் தரவேண்டும் என்று நீதிபதி கேட்டார். முத்திரைச் செலவு மட்டும் கிடைத்தது. திரும்பக் கூண்டில் ஏறி, வென்றால் கூலி என்ற பேச்சு இருந்ததைச் சொல்கிறேன் என்று வெளியே வந்து கெஞ்சினேன். "இனிச் சொன்னால் பொய்யெண்டுவினம், அண்ணை. நீங்கள் நல்லதெண்டு நினைச்சுத்தானே சொன்னனீங்கள்" என்றார். ஏசியிருந்தாலாவது ஆறியிருப்பேன். அந்தப் போகத்தில் வெங்காயம் விற்ற காசைக் கொண்டுபோய் நீட்டினேன், வாங்கவில்லை. இரண்டு மாதத்தில் மாடியில் இருந்த பெயர்ப்பலகை கழன்றது. கொழும்பில் ஒரு கம்பனியில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டார்.

போன கிழமை பக்கத்து ஊரிலிருந்து ஓர் இளம் தாய் வந்தார். அவருடைய மகனுக்கும் ஊசி போட்ட இடம் பிழைத்து, கை தூக்க ஏலவில்லை. எங்களுக்கு வழக்குப் பேசிய அம்மாவைத் தேடி வந்திருந்தார். அவர் முன்னாலேயே தொலைபேசியில் கூப்பிட்டேன். "மகள் எப்பிடி நடக்கிறாள், அண்ணை?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார். பிறகு சொன்னார், "ஏலாது, அண்ணை. வெளி வழக்கு எடுக்க இஞ்சை விடமாட்டினம்." வேறு யாரைச் சொல்வேன்? எனக்கு ஒருவரையும் தெரியாது.

அந்தத் தாயும் எனக்கொரு பிள்ளை மாதிரித்தான்; எழும்பும்போது பையிலிருந்து ஒரு பிடி வெங்காயத்தை எடுத்து மேசையில் வைத்தது. ஒன்றும் செய்யாதவனுக்கு எதற்கு என்று திருப்பிக் கையில் கொடுத்தேன். அதன் கண் கலங்கிவிட்டது. "ஒண்டும் வாங்காமல் உதவுற மனிசன் எண்டு எல்லாருக்கும் சொல்லுவன், அண்ணை."

"ஐயோ, சொல்லாதேங்கோ, பிள்ளை!" என்று நான் போட்ட சத்தத்தில் அது பயந்துபோய் நின்றது.