இடுப்பில் பஞ்சு வைத்த யூனிஃபார்ம்

அந்தத் தெருவில் இன்ஸ்பெக்டர் வீடு எது என்று கேட்டால், பேச்சு வராத குழந்தைகூட இஸ்திரிக் கடை மாடியைக் கை காட்டும். நிஜ இன்ஸ்பெக்டர் என்று நம்பிப் புகார் மனுவோடு படி ஏறிவிடாதீர்கள். கராத்தே தெரிந்த போலீஸ்காரி ஒருத்தி தனியாளாக ஒரு ரவுடிக் கூட்டத்தையே பந்தாடும் படங்கள் வருகின்றனவே, அதில் கதாநாயகிக்கு டூப் போடுகிறவள் அவள். பறந்து உதைப்பது அவள், கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதிப்பது அவள், படியில் உருள்வதும் அவள். உருண்டு முடித்துத் தலையை நிமிர்த்தும்போது மட்டும் முகம் வேறொருத்தியுடையது.

எல்லாம் கம்மி பட்ஜெட் படங்கள். ஒரு பழைய கிடங்கு, ஒரு ஜீப், ஒரு படிக்கட்டு, அதே ஆறு அடியாட்கள். போன படத்தில் செத்தவன் இந்தப் படத்தில் தாடி ஒட்டிக்கொண்டு வந்து மறுபடியும் இவளிடமே உதை வாங்கிச் சாவான். "இவ்வளவு ரவுடிங்களைப் புடிச்சும் புரமோஷனே வராத இன்ஸ்பெக்டர் உலகத்திலயே நீ ஒருத்திதான்" என்று அவள் புருஷன் கிண்டல் பண்ணுவான். கீழே இருக்கிற இஸ்திரிக் கடை அவனுடையது. படக் கம்பெனி உடுப்புகளும் அங்கேதான் தேய்க்க வரும். சாயங்காலம் இவள் வீங்கிப்போய் வந்தால், துணியை நாலாக மடித்து, இஸ்திரிப் பெட்டியால் சூடு பண்ணி ஒத்தடம் கொடுப்பதும் அவன்தான். முழங்கை, முட்டி, முக்கியமாக இடது பக்க இடுப்பு.

அந்த இடுப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. படத்துப் போலீஸ்காரியின் யூனிஃபார்மை உடம்போடு ஒட்டித் தைப்பார்கள். நிஜப் போலீஸ்காரி அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில்கூட உட்கார முடியாது, அப்படி ஒரு இறுக்கம். டூப்புக்கும் அச்சு அசலாக அதே அளவில் இன்னொரு செட். அடியாட்கள் பாடு கொண்டாட்டம். தொளதொள சட்டைக்குள்ளே பஞ்சும் பேடும் கட்டிக்கொண்டு விழுவார்கள். இவளுக்கு எங்கே இடம்? ஒரு கைக்குட்டையைச் செருகினால்கூடப் புடைத்துக்கொண்டு நிற்கும். சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஃபைட் மாஸ்டரும் அன்றிலிருந்து ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்: "ஹீரோயின் இடுப்பு தடிமனா தெரியும்மா. ஜனங்க சிரிப்பாங்க." நியாயத்தைப் பாருங்கள்! அடி விழுவது ஒருத்தி இடுப்பில், அழகு கெடுமே என்று கவலை இன்னொருத்தி இடுப்புக்கு.

இந்தப் படத்தின் கடைசிச் சண்டையில் கல் படிக்கட்டு. உச்சியிலிருந்து அடி வரைக்கும் உருண்டு, கீழே வந்த வேகத்தில் எழுந்து துப்பாக்கியை நீட்ட வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் டாக்டர் இடுப்பு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதே எலும்புல இன்னொரு அடி பட்டா, ஆயுசுக்கும் நொண்டித்தான் நடக்கணும்" என்று சொல்லியிருந்தார்.

அவள் மாஸ்டரிடம் போனாள். "மாஸ்டர், இந்த ஒரு தடவை மட்டும் யூனிஃபார்மைக் கொஞ்சம் லூசா தைக்கச் சொல்லுங்க. உள்ள பேட் வச்சுக்கிறேன்."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"டாக்டர் சொல்லிட்டாருங்க. நொண்டியாயிட்டா அப்புறம் என் பொண்ணை வச்சுக்கிட்டு நான் எப்படிப் பொழைக்கிறது?"

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. வேற ஆளா கெடைக்காது?"

அவளுக்குச் சுருக்கென்றது. "முடியாது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். வந்த வேகத்தில் சண்டை போடுகிற ஷூவை அங்கேயே விட்டுவிட்டாள்.

மறுநாள் அதை எடுக்கப் போனவள் கண்ணில் முதலில் பட்டது மீசை. அடியாட்களில் ஒருவனுக்கு அதுதான் பட்டப்பெயர். இவள் கையால் அவன் எத்தனை தடவை செத்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. மீசைதான் அவன் சொத்து. அதை மழுங்கச் சிரைத்து, கொண்டை வைத்த விக்கை மாட்டி, உதட்டில் சாயம் பூசி, போலீஸ் யூனிஃபார்மில் நிறுத்தியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் நெளிந்தான். "மன்னிச்சுக்கங்கக்கா, மாஸ்டர் சொல்லிட்டாரு."

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகுதான் அவன் இடுப்பைப் பார்த்தாள். கிட்டே போய் ஒரு விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று. முட்டியை அழுத்தினாள், அங்கேயும் மெத்து மெத்தென்று இருந்தது.

டெய்லர் மூலையில் தையல் மெஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணே, இது என்ன?" என்றாள்.

"மாஸ்டர்தான்மா சொன்னாரு. ரெண்டு இஞ்சு லூசா விட்டு, உள்ள பஞ்சு வச்சுத் தைன்னாரு. நான் என்னம்மா பண்றது?"

அவ்வளவுதான். இவ்வளவு நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததற்கெல்லாம் சேர்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மொத்த யூனிட்டும் பார்க்க மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"இப்ப ஹீரோயின் இடுப்பு தடிமனா தெரியாதா மாஸ்டர்?"

"கத்தாதம்மா. அவன் புள்ளகுட்டிக்காரன். ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யார் பதில் சொல்றது?"

"ஏன், என் பொண்ணு மரத்துலயா காய்ச்சா?"

லைட் பிடிக்கிறவன்கூடத் திரும்பிப் பார்த்தான். மாஸ்டர் "ஷாட் ரெடி" என்று கத்திவிட்டு நகர்ந்தார். வாயடைத்துப் போனால் பெரிய மனிதர்களுக்கு உடனே வேலை வந்துவிடும்.

அவள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். போக மனம் வரவில்லை. மீசை உச்சிப் படியிலிருந்து உருண்டான். விழுவதில் கெட்டிக்காரன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் கீழே வந்ததும் கையைக் காலைப் பரப்பி, கண்ணைச் செருகி, நாக்கைத் தள்ளிச் செத்துப்போனான்.

"டேய், நீ ஹீரோயின்டா! எந்திரி!" என்று டைரக்டர் அலறினார்.

"சாரி சார், பழக்கதோஷம்" என்று விக்கைச் சரிபண்ணிக்கொண்டு மேலே ஏறினான். மறுபடி உருண்டான். மறுபடி செத்தான். வாழ்நாள் முழுக்கச் செத்துப் பிழைப்பு நடத்தியவனைத் திடீரென்று எழுந்திரு என்றால் உடம்பு கேட்குமா? அடுத்த தடவை எழுந்திருக்கத்தான் செய்தான், ஆனால் விக் மேல் படியிலேயே தங்கிவிட்டது. யூனிட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கிடங்கு ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போனால் அன்றைய செலவெல்லாம் தண்டம்.

மாஸ்டர் இவளிடம் வந்தார். குரலில் இப்போது தேன் வடிந்தது. "ஒரே ஒரு ஷாட்மா. உன்னை விட்டா யாரு இருக்கா?"

"அந்த யூனிஃபார்மைக் கழட்டச் சொல்லுங்க."

"உன் அளவுக்குத்தான் ஒண்ணு ரெடியா இருக்கே."

"அதைப் போட்டுக்கிட்டு நீங்க உருளுங்க."

மாஸ்டர் டைரக்டரைப் பார்த்தார், டைரக்டர் ஜன்னலைப் பார்த்தார். மீசை ஓடிப்போய்க் கழற்றிக்கொண்டு வந்தான். டெய்லர் தோள்பட்டையில் நாலு தையல் போட்டுப் பிடித்தார். "இதையும் உள்ள வச்சுக்கங்கக்கா" என்று மீசை தன்னுடைய முட்டி பேடையும் நீட்டினான். அடியாளுக்கு இருந்த ஈவிரக்கம் மாஸ்டருக்கு இல்லை.

அவள் உருண்டாள். இடது இடுப்பு கல்லில் மோதியபோது பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டாள். எழுந்தாள், துப்பாக்கியை நீட்டினாள். ஒரே டேக்கில் ஓகே. எல்லோரும் மானிட்டரைச் சுற்றிக் கூடினார்கள். கதாநாயகி தன் இடுப்பைத் தானே ரசித்து, "எவ்வளவு ஒல்லியா இருக்கேன் பாருங்க!" என்று பூரித்துப்போனாள். பஞ்சும் தெரியவில்லை, பேடும் தெரியவில்லை. அந்த வேகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? இது மாஸ்டருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

"பாத்தியா, எவ்வளவு அழகா வந்திருக்கு! இதுக்குப் போய் நேத்து மூஞ்சியைத் தூக்கிட்டுப் போனியே" என்றார் மாஸ்டர். அவரை அங்கேயே படியில் உருட்டிவிடாமல் வந்தாளே, அவள் பொறுமைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

யூனிஃபார்மைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்தாள். நடந்ததை ஊர் அதற்குள் புருஷன் காதில் போட்டிருந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, துணியை மடித்து வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே காத்திருந்தான்.

"உக்காரு. எங்க பட்டுச்சு? இடுப்பா?"

அவள் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். "இல்ல."

"முட்டியா?"

முட்டியை மடக்கினாள், நீட்டினாள். முழங்கையைப் பிடித்துப் பார்த்தாள். "இல்லீங்க. எங்கயும் இல்ல."

"அட, நல்லதாப் போச்சு!" என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பழைய தழும்பின் மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கோபத்தில் அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அப்போ இத்தனை வருஷமும் எனக்குச் சும்மாவா வலிச்சுது?"

எத்தனை நாள் ஒத்தடம் கொடுத்த கை அது! துணி அவன் கையிலேயே ஆறிப்போயிற்று.

கடைக் கம்பியில், நாளைய ஷூட்டிங்குக்கென்று தேய்த்து மாட்டிய உடுப்புகள் தொங்கின. அவள் அளவுக்கு இறுக்கித் தைத்த இன்னொரு யூனிஃபார்மும் அவற்றில் இருந்தது. எழுந்து போய் அதை உருவினாள். மேஜை மேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு பக்கம் வெட்டினாள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் வெட்டினாள்.

அவன் தடுக்கவில்லை. "காலையில வந்து கேப்பாங்களே, என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டான்.

"டூப்பு இடுப்பு தடிமனாயிடுச்சு, கிழிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.