உள்பக்கம் திறந்த கதவு

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை 10.20 மணி, லேசான தூறல். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில், வேலை கேட்டு வந்த ஐந்து பேருக்கு, கணினியில் வரையும் ஆட்டோகேட் தேர்வு வைத்துக்கொண்டிருந்தேன். நான் ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன். மனைவி போனபின், வாரத்தில் நான் வாய்திறந்து பேசுவது இந்தத் தேர்வு வைக்கும் சனிக்கிழமை மட்டும்தான். என் வீட்டு வரைபடத்தையே கொடுத்து, அப்படியே வரையச் சொல்வேன். அது என் வீடு என்று யாரிடமும் சொல்வதில்லை.

பொழிச்சலூரிலிருந்து வந்த ஷீபா, குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறப்பதாக வரைந்திருந்தாள்.

“நான் கொடுத்த தாள்ல உள்பக்கம்தானே இருக்கு?”

“உள்ள யாராவது விழுந்துட்டா தள்ளவே முடியாதே சார்.”

“காப்பி பண்ணச் சொன்னேன்மா, வீடு கட்டச் சொல்லல.”

இரண்டு மதிப்பெண் குறைத்தேன். ஆனாலும் அவளுக்கே வேலை கிடைத்தது.

அதிலிருந்து மூன்றாம் சனிக்கிழமை காலை, என் குளியலறையில் வழுக்கி, கதவை அடைத்தபடி விழுந்தேன். அசைய முடியவில்லை. போன் ஹாலில் அடித்து ஓய்ந்தது. நான் தேர்வுக்கு வராததால் அலுவலகத்திலிருந்து ஷீபாவை அனுப்பினார்கள். நல்லவேளை, வாசல் கதவைத் தாழிடவில்லை. அவள் தள்ளிய குளியலறைக் கதவு என் இடுப்பில் இடித்தது.

“தள்ளாதம்மா, கதவுக்குப் பின்னாலதான் கிடக்கேன்.”

தள்ளுவதை நிறுத்தினாள்.

“சார், இது அந்தக் கதவா?”

தச்சர் வந்து கதவை அறுத்தார். எலும்பு முறியவில்லை.

இப்போது வரைபடத்தில் யார் எதை மாற்றினாலும் முதலில் காரணம் கேட்கிறேன். தினமும் ஏழு மணிக்கு அலுவலக வாட்ஸப் குழுவில் ‘எழுந்துவிட்டேன்’ என்று போடுகிறேன். ஷீபா மட்டும் கட்டைவிரல் போடுவாள். அது வரும்வரை காபியைத் தொடுவதில்லை. வெளிப்பக்கம் திறக்கும் புதுக் கதவு, கீல், கூலி சேர்த்து ரூ.7,340 ஆயிற்று.