எருக்குழியில் பூத்தவை

இலங்கையின் மடுல்சீமைத் தேயிலை எஸ்டேட்டில், துரை பங்களாவின் தோட்டக்காரனாக இருந்தபோது நான் செய்த காரியம் இது.

பங்களாவுக்குப் பின்னால், மரநிழலில், ஒரு பூப்பாத்தி வேண்டும் என்றார் துரையின் மனைவி, துரைசாணி. வாசல் கூட்டும் முனியம்மா, கைக்குழந்தைக்காரி, காட்டிலிருந்து வெள்ளைப் பூச்செடிகளை வேர்மண்ணோடு கொண்டு வந்து நட்டாள்.

“வெயில் காலத்துல தழை காஞ்சிரும்ண்ணே. உள்ள கெழங்கு உசுரோட இருக்கும். தொட்டுறாதீங்க” என்றாள்.

நான் அதற்கு முன் தேயிலை மலையில் பல வருடம் புல் வெட்டியவன். அங்கே தரை மொட்டையாக இல்லாவிட்டால் கங்காணி உதைப்பான். அந்தப் பழக்கத்தில், வெயில் காலம் வந்ததும் காய்ந்த செடிகளையெல்லாம் தோண்டி எருக்குழியில் எறிந்துவிட்டேன்.

“பூச்செடி எங்கே?” என்று துரைசாணி கேட்டார்.

“முனியம்மா கொண்டாந்தது எல்லாம் அழுகல் செடிங்க. செத்துப்போச்சுங்க” என்றேன்.

மறுநாளே முனியம்மாவை உச்சி மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். பிள்ளையை லயத்து வீட்டில் விட்டுவிட்டு, பால் கட்டிய மார்போடு ஏறிப் போனாள்.

மழை பிடித்த பிறகு எரு அள்ளப் போனேன். புழு நெளியும் சாணிக்கு நடுவே ஏழெட்டுச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றன.

சுற்றுமுற்றும் பார்த்தேன். யாருமில்லை. மண்வெட்டி நிறையச் சாணியை அள்ளி அவற்றின் மேல் போட்டு மிதித்தேன்.

ஒரு செடியைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் போதும், அவள் திரும்பி வந்திருப்பாள். பங்களா வாசல் கூப்பிடு தூரம்தான்.