தலையில் பாரம் இருந்தால்

ஷீஜாவின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டால் கிளாராவின் அடிவயிற்றில் ஒரு கனல் விழும். கடியப்பட்டணத்தில் இருவருக்கும் ஒரே தெரு, ஒரே கோயில், ஒரே மீன் ஏலம். கிளாரா மீனைத் தலையில் சுமந்து மேட்டு ஊர்களுக்கு நடந்து விற்கிறவள். நேற்று முளைத்த ஷீஜாவோ ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, போனில் ஆர்டர் எடுத்து, கிளாரா போய்ச் சேருமுன் பாதி வீடுகளில் குழம்பைக் கொதிக்க வைத்துவிடுவாள். அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டைக்கூட கிளாராவுக்கு ஆகாது. மழையிலும் நனையாத ஒருத்தியை எப்படிப் பிடிக்கும்?

கணவன் ஏசுஅடிமைக்கு மூட்டுவலி வந்து கடலில் இறங்குவது நின்ற பிறகு, வீடு ஓடியது கிளாராவின் கால்களில்தான். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்ததும் அந்தக் கால்கள்தான். வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாக ஷீஜா பக்கம் சாய்ந்தபோதும் ஆற்றுக்கு அக்கரையில் ராகேல் டீச்சர் வீடு மட்டும் சாயவில்லை. “மீன்னா கிளாரா கொண்டு வரணும்” என்று டீச்சர் சொன்னதை கிளாரா வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஏசுஅடிமையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்பார்.

அந்த டீச்சரும் ஷீஜாவின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார் என்று தெரிந்த அன்று கிளாராவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசி மழை விடாமல் அடித்தது. கடலில் யாரும் இறங்கவில்லை. முந்தின நாள் ஐஸில் கிடந்த அயலையை அலுமினியச் சருவத்தில் அடுக்கி, தலையில் சும்மாடு வைத்து கிளாரா புறப்பட்டாள்.

“இந்த மழையில எங்க போற?” என்றார் ஏசுஅடிமை.

“நான் போவலன்னா அவ போயிருவா.”

அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

ஆற்றைக் கடக்க ஒரு சப்பாத்து உண்டு. கைப்பிடிச் சுவர் இல்லாத தாழ்ந்த பாலம். ஓரத்தில் குத்துக்கற்கள் மட்டும். முதல் கல்லில் சிவப்புக் கோடாக ஒரு வரை போட்டிருப்பார்கள். வரை முங்கினால் இறங்கக்கூடாது, பஸ்ஸில் பெரிய பாலம் சுற்றித்தான் போகணும் என்பது இரண்டு கரைக்கும் பொதுவான கட்டுப்பாடு. அன்று அந்தச் சிவப்பு வரை கண்ணிலேயே படவில்லை. செம்மண் வெள்ளத்தில் ஒரு வாழைமரம் குலையோடு, யாரையும் பார்க்காமல் போனது.

இக்கரையில் ஷீஜா வண்டியை நிறுத்திவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “டீச்சர், ஆறு கேறிக் கிடக்கு. இன்னைக்கு நடக்காது.”

‘டீச்சர்’ என்ற சொல் கிளாராவின் காதில் முள்ளாக ஏறியது. அடுத்த நொடியே உள்ளே ஒரு குளிர்ச்சி. ஸ்கூட்டர் போகாது. கால் போகும்.

“எக்கா, இறங்காதியோ. வரை முங்கியாச்சு.”

“முங்கட்டு. எனக்குத் தலையில பாரம் உண்டு.”

அலைக்குள் நிற்கும் வள்ளத்திலிருந்து மீன் சுமந்து கரையேறுகிறவர்களின் நம்பிக்கை அது. தலைச்சுமை காலை மணலில் ஊன்றித் தரும். அதை நம்பி முட்டளவு வெள்ளத்தில் சப்பாத்தைத் தாண்டியிருக்கிறாள் கிளாரா. திரும்பும்போது சருவம் காலியாக இருக்குமே என்று அதில் கல் அள்ளிப் போட்டுச் சுமந்து வருவாள். பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

“பாரத்தோட விழுந்தா தலைகுப்புறத்தான் போவியோ!” என்றாள் ஷீஜா.

“ஏட்டி, நான் டீச்சர் வீட்டுக்குப் போறது ஒனக்கு வயித்தெரிச்சல். அதச் சொல்லு.”

கிளாரா இறங்கினாள்.

கடல் மணல் காலை வாங்கிக்கொள்ளும். பாசி பிடித்த சிமெண்ட் வாங்காது. சில எட்டு வைத்ததுமே கால் வழுக்கியது. சுமை தான் சாய்ந்த பக்கம் அவளையும் இழுத்தது. நெஞ்சு ஒரு குத்துக்கல்லில் மோத, ஒரு கையால் அதைக் கட்டிக்கொண்டாள். மற்ற கை சருவத்தின் விளிம்பை விடவில்லை. வெள்ளம் சருவத்தைப் பிடித்து இழுத்தது.

“சருவத்த விடுங்க எக்கா! ரெண்டு கையாலயும் கல்லப் பிடியுங்க!”

இவள் சொல்லியா விடுவது? கையில் இருந்தது அயலை இல்லை, டீச்சர் வீடு. தோள் கழன்றுவிடும்போல் வந்தபோதுதான் விரல்கள் தாமாக விரிந்தன. அயலைகள் வெள்ளி வெள்ளியாக, வந்த கடலுக்கே திரும்பிப் போயின.

ஷீஜா வெள்ளத்தில் இறங்கவில்லை. ஐஸ் பெட்டியைக் கட்டியிருந்த நீள நைலான் கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையைக் கரையிலிருந்த தென்னையில் கட்டினாள். மறு முனையில் வண்டியில் கிடந்த காலி கேனைக் கட்டி, ஒழுக்கு வருகிற மேல்பக்கமாக எறிந்தாள். கேன் மிதந்து கிளாராவின் மடியில் வந்து முட்டியது. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கல் கல்லாகத் தடவி அவள் கரையேறினாள்.

ஷீஜா மஞ்சள் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டு, ஐஸ் பெட்டியை முன்னால் இறக்கி வைத்து, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள். வண்டியை எடுக்குமுன் ஷீஜாவின் போன் அடித்தது; ஸ்பீக்கரில் போட்டாள். டீச்சர்தான். “கிளாராவுக்கு ஒண்ணும் ஆவலல்லா? மாடியில நிண்ணு பாத்து எனக்கு உயிரே போச்சு.”

கிளாரா போனைப் பிடுங்கினாள். “ஒண்ணும் இல்ல டீச்சர். நாளைக்கு பஸ்ஸில பெரிய பாலம் சுத்தி வாறேன். அதுவர வேற ஆருட்டயும் வாங்கிராதியோ.”

வண்டிக் கண்ணாடியில் ஷீஜாவின் கண்கள் ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தன. “பிடிச்சு இருங்க எக்கா” என்றாள். முன்னால் அவள் முதுகு முழுக்க நனைந்துகொண்டிருந்தது.

கிளாரா பிடித்துக்கொண்டாள். கோட்டுக்குள் கதகதப்பாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.