நான் பாதியில் நிறுத்திய ஆமோஸ்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் உலர்ந்த அத்திப்பழம் வாங்கினேன். பையைப் பிரித்து முகர்ந்ததும் ஆமோஸ் நினைவுக்கு வந்தார். சிரிக்காதீர்கள். வேதாகமத்தில் வரும் அந்தத் தீர்க்கதரிசிக்கு ஆடு மேய்ப்பதோடு காட்டத்திக் காய்களைப் பழுக்கவைக்கக் கீறிவிடுவதும் தொழில். இதையெல்லாம், இளைஞர்கள் பிரசங்கம் செய்யும் ஒரு ஞாயிறன்று, செந்தூலில் எங்கள் சபை மேடையில் நின்று நானே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா லோரி ஓட்டினார். அந்தப் பெருமை அன்று என் சேலை மடிப்பு வரைக்கும் இருந்தது.

ஆலயத்துக்குப் பின்னால், சபை நிலத்தில், ஒன்பது பலகை வீடுகள். பழைய ரயில்வே தொழிலாளர் குடும்பங்கள். நிலத்தை அடுக்குமாடி கட்ட விற்கலாமா என்று அன்று ஆராதனை முடிந்ததும் கைதூக்கி முடிவு செய்வதாக இருந்தது. அங்கே குடியிருந்த ஸ்டெல்லா ஆன்டி முந்தின வாரமே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க பேசினா சண்டைக்கு வராங்கம்பாங்க. நீ படிச்ச புள்ள, சொன்னா கேப்பாங்க லா."

"சொல்றேன் ஆன்டி." ஆமோஸைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

ஆமோஸின் ஊர், தெற்கே தெக்கோவா என்ற சிற்றூர். வடக்கே இஸ்ரவேலில் யெரொபெயாம் ராஜா, பெருகிய செல்வம், தந்தம் இழைத்த கட்டில்கள். மேடையில் பொளந்து கட்டினேன். முன்வரிசையில் செயலாளர் அங்கிள் தலையாட்டிக்கொண்டிருந்தார். விற்றுவிடலாம் என்றவர் அவர். என் பல்கலைக்கழக மனுவுக்கு நற்சான்று எழுதித் தந்தவரும் அவரே. ஏழையை ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்றவர்களிடம் ஆமோஸ் போய் நின்றதும், உங்கள் பண்டிகையும் பாட்டும் கடவுளுக்கு வேண்டாம், நியாயம் ஆறாக ஓடட்டும் என்று முழங்கியதும் அடுத்த தாளில் இருந்தன. தாளைத் திருப்பவில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லி ஜெபித்து இறங்கினேன். இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

விற்கலாம் என்று கைகள் உயர்ந்தன. எண்ணிப் பார்க்கத் தேவைப்படவில்லை. நான் தூக்கவில்லை, அதை ஒரு நல்ல காரியமாக வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மெசேஜ்மா!" என்று அங்கிள் தோளில் தட்டினார்.

ஸ்டெல்லா ஆன்டி வாசலில் குடையை விரித்தபடி சொன்னார்: "ராஜா பேரெல்லாம் நல்லா ஞாபகம் வச்சிருக்க. எங்க பேருதான் வரல."

ஒன்பது வீடுகளும் போய்விட்டன. குடும்பங்கள் மேரு, பண்டமாரான் பக்கம் சிதறின; ஒருவரும் எங்கள் சபைக்கு வருவதில்லை. ஆன்டி மேருவில் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. அவருடைய அடக்க ஆராதனையில், தெரிந்தவர்கள் யாராவது நாலு வார்த்தை பேசலாம் என்றார் போதகர். நான் எழுந்தேன்.

"வேணாம்க்கா," என்றாள் ஆன்டியின் மகள், திரும்பிப் பார்க்காமலே. "உக்காருங்க."