ஊஞ்சலுக்குக் கீழே இருந்த மணல்

என் மகளுக்கு அப்போது நாலு வயது. விவேக் நகரில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன பார்க். ஊஞ்சலுக்குக் கீழே மணல் கொட்டியிருந்தார்கள். அவள் அதில் இட்லி சுட்டு எனக்கு நீட்டுவாள். தானும் வாயில் வைத்துப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டாக வலது கண்ணைப் பொத்திக்கொண்டவள், "அம்மா, நீ எங்க போன?" என்றாள். நான் அவளுக்கு எதிரிலேயே நின்றிருந்தேன்.

"வெளையாடாத. கைய எடு."

"நெஜமாம்மா. நீ தெரியல."

என் கணவர் அவளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போனார். இடது கண்ணின் கருமணிக்குள் வெள்ளையாக ஏதோ மின்னியது.

மறுநாள் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டார். இருவரும் கன்னடத்தில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். தமிழ் பேசும் எங்களுக்குக் கன்னடம் வராது என்று நினைத்தார்களோ என்னவோ. கட்டி என்று அவர்கள் சொன்னது எனக்கும் கணவருக்கும் நன்றாகவே புரிந்தது.

"கேன்சராம்மா?" என்றார் என் கணவர்.

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஸ்கேனும் பிளட் டெஸ்டும் வரட்டும். மண்ணுல வெளையாடுவாளா? அங்க நாய் வருமா?"

எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

ரிசல்ட் வரும்வரை, கண்ணையே எடுக்க வேண்டியிருக்குமோ என்ற கேள்வி எங்கள் இருவர் மனதிலும் இருந்தது. அவள் எப்போதும்போல் பாடிக்கொண்டிருந்தாள்.

கேன்சர் இல்லை. நாயின் வயிற்றில் வளரும் புழு.

"நாய் மலத்துல முட்டை வரும்," என்றார் டாக்டரம்மா. "மலம் மக்கிப் போனாலும் முட்டை மண்ணுல மாசக்கணக்கா உயிரோட கெடக்கும். கை வழியா வயித்துக்குப் போய் பொரிஞ்சா, புழு ஒடம்புல எங்க வேணா போகும். இவளுக்குக் கண்ணுக்குப் போயிடுச்சு. வீக்கத்துக்கு மருந்து தரேன். போன பார்வை முழுசா வராது."

கேன்சர் இல்லை என்ற முதல் வார்த்தையிலேயே நிம்மதியில் அழ ஆரம்பித்திருந்தேன். கடைசி வார்த்தை மெதுவாகத்தான் உறைத்தது.

அன்று மாலையே, தினமும் பார்க்குக்கு நாயைக் கூட்டிவரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் மகளையும் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க நாய் சுத்தம்மா. தினம் குளிப்பாட்டறோம். தெருநாய் எத்தனையோ வருது, என்னை மட்டும் கேக்கறீங்க?" என்று கத்தினார்.

"யார் நாய்னு நான் சொல்லல சார். ஆனா உங்களுது மணல்ல வெளிக்குப் போறத பாத்திருக்கேன். அள்ளிடுங்க. புழு மருந்து குடுங்க. அவ்ளோதான் கேக்கறேன்."

சத்தம் கேட்டு அவர் மனைவி வாசலுக்கு வந்தார். கையில் தவழப் பழகும் பேத்தி. என் மகளைப் பார்த்து, "கண்ணுக்கு என்னடா ஆச்சு?" என்றார்.

"மண்ணுலேர்ந்து புழு வந்துச்சு ஆன்ட்டி."

அந்த அம்மா பேத்தியின் விரல்களை விரித்துப் பார்த்தார். காலையில்தான் அந்த மணலில் உட்கார வைத்திருந்தாராம்.

அடுத்த நாளிலிருந்து நாயோடு வரும்போது அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் மலத்தை அள்ளப் பழைய பேப்பரும் பையும் இருந்தன. பார்க் மணலை மாநகராட்சி அள்ளி எடுத்துப்போக வைக்கத் தெருக்காரர்களோடு அவரும்தான் அலைந்தார்.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இடது கண்ணில் ஓரத்தில் இருப்பது மட்டும்தான், அதுவும் மங்கலாகத் தெரிகிறது. ரோடு கடக்கும்போது கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். நான் அவளுக்கு இடப்பக்கமாகவே நடக்கிறேன்.